பானெட்டுக்குள் ஒப்பனை

காரின் முன்மூடியைத் தூக்கியதும் தெரிகிற அறை, அதாவது என்ஜினும் ரேடியேட்டரும் பேட்டரியும் அவற்றை இணைக்கும் குழாய்களும் மின்கம்பிகளும் நெருங்கி அமைந்திருக்கும் பகுதி, மெக்கானிக்கும் வாட்டர் சர்வீஸ் ஊழியரும் மட்டுமே பார்த்துவந்த இடமாக நெடுங்காலம் இருந்தது. இன்று வண்டிக்காரர் நண்பர்களுக்குத் திறந்துகாட்டிப் பெருமை கொள்ளும் இடமாகவும் அது ஆகியிருக்கிறது. என்ஜினின் தலையை மூடும் டேப்பெட் கவருக்குச் சிவப்பு வண்ணம் ஏறுகிறது, கறுப்பு ரப்பர் ஹோஸ்கள் இருந்த இடத்தில் நீலமும் ஆரஞ்சுமாகச் சிலிகான் ஹோஸ்கள் அமர்கின்றன, போல்ட்டுகள் குரோம் பூசப்பட்டு மின்னுகின்றன, காற்றுவடிகட்டியின் பிளாஸ்டிக் பெட்டி கழற்றப்பட்டுக் கூம்பு வடிவ வடிகட்டி திறந்தவெளியில் நிற்கிறது, கம்பிகள் பார்வைக்குத் தெரியாதபடி மட்கார்டின் உட்புறம் ஒளித்து இழுக்கப்படுகின்றன, இரவில் பானெட்டைத் திறந்தால் எல்.இ.டி. பட்டைகள் ஒளிர்கின்றன. பெருநகரங்களின் கார் ஆர்வலர் வட்டங்களில் தொடங்கிய இந்த வழக்கம் திண்டுக்கல் போன்ற மாவட்டத் தலைநகரங்களின் பட்டறைகளுக்கும் வந்து சேர்ந்து, கேட்டால் செய்துதரப்படும் வேலைகளுள் ஒன்றாகியிருக்கிறது.

இவற்றில் பெரும்பாலானவை வண்டியின் ஓட்டத்தை மேம்படுத்துவதில்லை என்பதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் அழகுக்காகச் செய்யப்படுவது அழகைத் தந்தாலே போதுமானது, தன் உழைப்பில் வாங்கிய வண்டியை ஒருவர் ஆசையோடு அலங்கரிப்பதில் தவறும் இல்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. என்ஜின் அறையில் வெறுமனே வைக்கப்பட்ட பொருள் என்று எதுவுமில்லை. அங்குள்ள ஒவ்வொரு தகடும் கிளிப்பும் நிறமும் வெப்பத்தை வெளியேற்றவோ, சூடான பொருளிடமிருந்து மற்றொன்றைக் காக்கவோ, கோளாறு தொடங்கும்போது அதைக் கண்ணுக்குக் காட்டவோ அமைக்கப்பட்டவை. ஒப்பனை இந்தப் பணிகளில் ஒன்றைக் கெடுத்துவிட்டு அதன் இடத்தில் உட்காரும்போது, கெட்டது என்ன என்பது அன்றைக்குத் தெரிவதில்லை, சித்திரை வெயிலிலோ மலைச்சாலையின் நடுவிலோதான் தெரியவருகிறது. திண்டுக்கல் சமவெளி இந்த இரண்டையும் வண்டிக்கு ஒருசேர அளிக்கிற ஊர் என்பதால், இங்கே இந்த ஒப்பனைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

என்ஜினை அழகாகக் காட்டும் விருப்பம் புதியதன்று. 1930 ஜனவரியில் நியூயார்க் கண்காட்சியில் அறிமுகமான காடிலாக் நிறுவனத்தின் 16 சிலிண்டர் கார், கம்பிகளையும் குழாய்களையும் மூடிகளுக்குள் மறைத்து, எனாமல் பூச்சும் மெருகேற்றிய உலோகமுமாக என்ஜின் அறையை வடிவமைத்த முன்னோடியாகக் கருதப்படுகிறது. 1957ஆம் ஆண்டின் பெராரி பந்தயக் காரான டெஸ்டா ரோஸா, என்ஜின் மூடிகளுக்குப் பூசிய சிவப்பு வண்ணத்தாலேயே பெயர் பெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிபோர்னியாவில் பழைய கார்களை மாற்றியமைத்த இளைஞர்கள் குரோம் பூச்சைத் தங்கள் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டனர். தமிழ்நாட்டில் இந்த ஆசை முதலில் இருசக்கர வாகனங்களில் வெளிப்பட்டது, ஏனென்றால் அவற்றின் என்ஜின் மூடியில்லாமல் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட்டின் அலுமினிய உறைகளைப் பஃபிங் செய்து பளபளக்க வைப்பதும், 1985 முதல் 1996 வரை தயாரிக்கப்பட்ட யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியைப் பிரித்து என்ஜினுக்குப் பவுடர் கோட்டிங் கொடுப்பதும் அப்படித் தொடங்கியவையே. பவுடர் கோட்டிங் என்பது பொடி வடிவ வண்ணத்தை மின்னூட்டத்தால் உலோகத்தில் ஒட்டவைத்து, ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்ப அடுப்பில் உருக்கிப் படரவிடும் முறை.

இங்கே கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. தொழிற்சாலையில் அழகுக்காகச் செய்யப்படும் மாற்றம் வெயில், குளிர், தூசி, அதிர்வு என எல்லாவற்றிலும் சோதிக்கப்பட்ட பின்பே வண்டியில் ஏறுகிறது. இன்றைய கார்களில் என்ஜினின் மேல் காணப்படும் பிளாஸ்டிக் மூடிகூடப் பாதி அழகுக்கும் பாதி இரைச்சலைக் குறைப்பதற்கும் வைக்கப்பட்டதே, அதன் உட்புறத்திலுள்ள பஞ்சுத்தகடு எரிபொருள் இன்ஜெக்டர்களின் டிக்டிக் ஒலியை அடக்குகிறது. பட்டறையில் சேர்க்கப்படும் ஒப்பனைக்கு அத்தகைய சோதனை நடப்பதில்லை, சோதனைக் களமாக அமைவது வண்டிக்காரரின் அன்றாடப் பயணமே.

குரோமின் பளபளப்புக்குப் பின்னால்

திண்டுக்கல்லுக்கு உலோகத்தை மெருகேற்றும் கலை அந்நியமானதன்று. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, இரும்பையும் பித்தளையையும் அரத்தால் ராவிக் கையால் பொருத்தி மெருகிடும் தொழிலாளர்களின் திறமையால் நின்ற பொருள். உலோகத்தைத் தேய்த்து மெருகேற்றுவதற்கும் அதன்மேல் வேறோர் உலோகத்தைப் படியவைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அத்தகைய ஊருக்குச் சொல்வது எளிது. குரோம் முலாம் என்று சொல்லப்படுவது பொதுவாகத் தாமிரம், நிக்கல், குரோமியம் என அடுக்கடுக்காக மின்முறையில் படியவைக்கப்படுவது. மேலே மின்னும் குரோமியம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமன் உடையது. அடியிலுள்ள நிக்கல் அடுக்கு சரியாகப் படியவில்லை என்றால், கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே ஈரம் இறங்கி, பளபளப்புக்கு அடியிலேயே துரு பரவிப் பூச்சு செதில்செதிலாக உரிந்துவிடும்.

அழகு கெடுவதோடு நின்றுவிடாத ஒரு தீங்கும் இதில் இருக்கிறது. மின்முலாம் பூசும்போது உண்டாகும் ஹைட்ரஜன், உறுதி மிகுந்த எஃகின் உள்ளே ஊடுருவி அதை நொறுங்கும் தன்மை உடையதாக்கிவிடுகிறது. பொறியியலார் ஹைட்ரஜன் நொறுங்குமை என்று சொல்லும் இந்த நிலையில், தலையில் 10.9 அல்லது 12.9 என்று பொறிக்கப்பட்ட உயர்வலிமை போல்ட் ஒன்று, முறுக்கி இறுக்கிய அன்று நன்றாகவே இருந்து, சில மணி நேரமோ சில நாள்களோ கழித்து எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தலை அறுந்து விழக்கூடும். முலாம் பூசிய உடனே சுமார் 200 டிகிரியில் பல மணி நேரம் சுட்டெடுத்தால் இந்த ஆபத்து குறையும் என்பது தொழிற்சாலைகளுக்குத் தெரிந்த நடைமுறை, அழகுப் பொருள்களுக்கு முலாம் பூசும் சிறு கூடங்களில் அது நடந்ததா என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. இத்துடன் மரையின் மேல் ஏறும் முலாம் அதன் அளவையும் உராய்வையும் மாற்றிவிடுவதால், கையேட்டில் சொன்ன முறுக்குவிசையில் இறுக்கினாலும் போல்ட் உண்மையில் சரியான இழுவிசையை அடைவதில்லை. எனவே என்ஜின் தாங்கி, பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் எந்த நிலையிலும் முலாமுக்குப் போகக் கூடாதவை.

குரோமியம் என்ற சொல்லே திண்டுக்கல்லில் வேறு நினைவுகளை எழுப்பக்கூடியது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் இந்த ஊரின் நிலத்தடி நீரைக் கெடுத்த வரலாறு நீண்டது, 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் அளித்த தீர்ப்பு, அப்போது திண்டுக்கல் அண்ணா மாவட்டம் என்று அழைக்கப்பட்ட இம்மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் மாசு அபராதம் விதித்தது. தோலைப் பதனிட உதவும் குரோமிய உப்பைவிடப் பழைய முறை குரோம் முலாமுக்குப் பயன்படும் குரோமியம் அதிக நச்சுடையது, புற்றுநோயை உண்டாக்குவது என்று உறுதிசெய்யப்பட்டது. ஒரு காரின் அலங்காரத்துக்காக அந்தத் திரவத்தில் கை நனைக்கும் தொழிலாளியையும், அது வடிந்து சேரும் நிலத்தையும் இந்த ஊர் எண்ணிப் பார்ப்பது நியாயம்.

சமவெளியின் வெயிலும் மலையின் ஏற்றமும்

மேற்கே பழனி மலைகளும் தென்கிழக்கே சிறுமலையும் நிற்க, நடுவில் விரிந்த வறண்ட சமவெளியில் திண்டுக்கல் அமைந்திருக்கிறது. கோடையில் நிழலிலேயே வெப்பம் 40 டிகிரியை ஒட்டி ஏறும் இந்தச் சமவெளியிலிருந்து புறப்படும் வண்டி, சுமார் 300 மீட்டர் உயரத்திலுள்ள வத்தலக்குண்டைத் தாண்டி ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்துக் கொடைக்கானலுக்கு ஏறுகிறது. சிறுமலைச் சாலையோ 18 கொண்டை ஊசி வளைவுகளால் ஆனது. ஏற்றத்தில் என்ஜின் அதிக வேலை செய்து அதிக வெப்பத்தை உண்டாக்குகிறது, ஆனால் வண்டி மெதுவாக நகர்வதால் ரேடியேட்டர் வழியே தானாகப் பாயும் காற்று மிகவும் குறைந்துவிடுகிறது. விசிறியை மட்டுமே நம்பி வண்டி ஏறுகிற அந்த நேரத்தில், வடிவமைப்பாளர் விட்டுவைத்த உபரித் திறன் முழுவதும் செலவாகிவிடுகிறது. கடற்கரை நகரத்துச் சமதளச் சாலையில் ஆண்டுக்கணக்கில் வெளிப்படாத ஒரு சிறு குறை இங்கே முதல் பத்து வளைவுக்குள் வெளிப்பட்டுவிடுவதற்குக் காரணம் இதுவே.

ரேடியேட்டருக்கு வண்ணம் பூசுவதை முதலில் எடுத்துக்கொள்ளலாம். வண்ணப்பூச்சு வெப்பத்தைக் கடத்தும் திறன் அலுமினியத்தின் திறனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. தொழிற்சாலையில் தூவப்படும் மிக மெல்லிய கறுப்புப் பூச்சால் இழப்பு ஏதும் பெரிதாக இல்லை, ஆனால் தகடுகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளை அடைக்கும்படி இரண்டு மூன்று கைகள் அடிக்கப்படும் வண்ணம் காற்றின் பாதையையே சுருக்கிவிடுகிறது. காற்றால் குளிரும் இருசக்கர வாகன என்ஜின்களிலும் இதே விதி பொருந்தும். சிலிண்டரைச் சுற்றியுள்ள இறகுத்தகடுகள் வெப்பத்தைக் காற்றுக்கு விடுவதற்கென்றே வார்க்கப்பட்டவை, அவற்றின்மேல் தடித்த பவுடர் கோட்டிங் ஏறினால் அது போர்வையாகிவிடுகிறது, கண்ணாடிபோல் மெருகேற்றினாலோ கதிர்வீச்சாக வெளியேறும் வெப்பம் குறைகிறது. ஓடும் வண்டியில் இந்தக் கதிர்வீச்சு சிறு பங்குதான் என்றாலும், ரயில்வே கேட்டில் என்ஜினை நிறுத்தாமல் காத்திருக்கும்போது அந்தச் சிறு பங்குக்கும் மதிப்பு உண்டு.

ரேடியேட்டர் மூடி இன்னும் நுட்பமானது. பார்ப்பதற்கு வெறும் மூடியாக இருக்கும் அது உண்மையில் சுருள்வில் பொருத்திய ஓர் அழுத்தக்கட்டுப்பாட்டு வால்வு. ஏறத்தாழ 1.1 பார் அழுத்தத்தை உள்ளே தக்கவைத்து, 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீரை 120 டிகிரி வரை கொதிக்காமல் பிடித்துவைப்பது அதன் வேலை. கொடைக்கானல் உயரத்தில் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அங்கே மூடியின் அழுத்தம் இல்லையென்றால் வழக்கமான இயங்குவெப்பத்திலேயே கூலன்ட் பொங்கிவிடும். தலையில் இலச்சினை பொறித்து வண்ணம் தீட்டி விற்கப்படும் ஒப்பனை மூடிகளில், எழுதியிருக்கும் அழுத்தத்துக்கும் உள்ளேயுள்ள வில்லின் வலுவுக்கும் தொடர்பில்லாமல் போகும்போது, மலையேறும் குடும்பம் பாதி வழியில் பானெட்டைத் திறந்துவைத்து நிற்க நேர்கிறது. அந்த நேரத்தில் அவசரப்பட்டு மூடியைத் திறந்து கையையும் முகத்தையும் வேகவைத்துக்கொள்வோரின் துன்பம் சொல்லி முடியாதது.

கூம்பு வடிவத் திறந்த வடிகட்டி அழகோடு வேகத்தையும் தரும் என்று நம்பப்படுவதால் அதைத் தனியே ஆராய வேண்டும். தொழிற்சாலையில் காற்றுப்பெட்டியின் வாய் கிரில்லுக்குப் பின்னாலோ மட்கார்டின் மேற்புறத்திலோ, வெளிக்காற்று கிடைக்கும் உயரமான இடத்தில் வைக்கப்பட்டிருக்கும். பெட்டியை எடுத்துவிட்டால் என்ஜின் தன் அறைக்குள்ளேயே சூடேறிய காற்றை உறிஞ்சத் தொடங்குகிறது. காற்றின் அடர்த்தி அதன் தனிவெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், வெளியே 40 டிகிரியும் பானெட்டுக்குள் 70 டிகிரியும் இருக்கும்போது உறிஞ்சப்படும் காற்றின் நிறை ஏறக்குறைய 9 விழுக்காடு குறைகிறது, அதாவது மலையேற்றத்தில் திறன் அதிகம் தேவைப்படும் வேளையில் திறன் குறைகிறது. காதுக்குக் கேட்கும் உறுமல் கூடுவதால் வண்டி வேகமாகப் போவதாக ஓட்டுபவருக்குத் தோன்றுகிறது.

தூசியின் கணக்கு இதைவிடக் கடுமையானது. செம்மண் பாதைகளும் கல் குவாரிகளும் கிரஷர்களும் உள்ள இந்தச் சமவெளியின் தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் நிறைந்திருக்கின்றன, இந்தத் துகள்கள் சாதாரண எஃகைக் கீறிவிடும் கடினம் உடையவை. தரமான காகித வடிகட்டியும் அதைக் கசிவின்றி மூடிய பெட்டியும் இந்தத் துகள்களைத் தடுத்துவிடுகின்றன. விலை மலிந்த பருத்தித்துணி வடிகட்டியோ, விளிம்பில் சரியாகப் பொருந்தாத கூம்போ அவற்றை உள்ளே விட்டால், சிலிண்டர் சுவரும் பிஸ்டன் வளையமும் தேய்ந்து, புகையும் ஆயில் செலவும் கூடி, அறுபதாயிரம் ரூபாய் வேலை ஆயிரம் ரூபாய்ப் பொருளால் வந்து சேர்கிறது. துணி வடிகட்டிக்கு இடும் எண்ணெய் அதிகமானால், காற்றின் அளவை அளந்து கணினிக்குச் சொல்லும் மெல்லிய சென்சாரின் மேல் அது படிந்து, கலவை விகிதத்தையே தவறாக்கிவிடும்.

ரப்பர், டீசல், தீ

வண்ண ஹோஸ்களின் கவர்ச்சிக்குக் காரணம் இருக்கிறது. சிலிகான் வெப்பத்தை மிக நன்றாகத் தாங்கக்கூடியது, கூலன்ட் ஓடும் பாதைக்குத் தரமான சிலிகான் ஹோஸ் பொருத்தமானதே. ஆனால் அது பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் ஆகாது, உப்பிக் கசிந்துவிடும். நிறம் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எல்லா ஹோஸ்களையும் ஒரே நீலச் சிலிகானுக்கு மாற்றும்போது எரிபொருள் ஹோஸும் அதில் அகப்பட்டால், என்ஜினின் சூட்டுக்கு அருகில் பெட்ரோல் ஆவி கசியும் நிலை உருவாகிறது. மென்மையான சிலிகானைத் துளையிட்ட பட்டைக் கிளிப்பால் இறுக்கினால் கிளிப்பின் வரிகள் அதை அறுத்துவிடும், உட்புறம் வழவழப்பான கிளிப் வேண்டும் என்பதும் பலருக்குச் சொல்லப்படுவதில்லை. இருசக்கர வாகனங்களில் பொருத்தப்படும், கண்ணாடிபோல் உள்ளே தெரியும் வண்ணக் குழாய்கள் பெரும்பாலும் பி.வி.சி. வகை, பெட்ரோல் அதிலுள்ள இளக்கியை உறிஞ்சிவிட, சில மாதங்களில் குழாய் விறைத்து நுனியில் வெடிக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் எங்கும் விற்பனைக்கு வந்துவிட்ட இந்தக் காலத்தில், எரிபொருள் குழாயின் தரத்தில் செய்யும் சமரசம் முன்னைவிட ஆபத்தானது. ஹோஸின் மேல் உறையாகப் போடப்படும் எஃகுக் கம்பிப் பின்னலோ உள்ளே ரப்பர் வெடித்திருப்பதை மறைப்பதோடு, அதிர்வில் அருகிலுள்ள கம்பிகளின் மேலுறையை அரம்போல் ராவிவிடுகிறது.

தமிழ்நாட்டு வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் செலவில்லாத ஒப்பனையாகக் கருதப்படுவது டீசல் வாஷ். தண்ணீரை அழுத்தத்தில் பீய்ச்சி என்ஜினைக் கழுவிய பின், காற்றோடு டீசலைக் கலந்து தூவினால் பிளாஸ்டிக்கும் ரப்பரும் புதிதுபோல் கறுத்து மினுங்கும். அந்த மினுக்கம் இரண்டு நாளில் தூசியை இழுத்துப் பசையாக்கிக்கொள்கிறது என்பது சிறிய குறை. கூலன்ட் ஹோஸ்களும் பல பட்டைகளும் உறைகளும் ஈ.பி.டி.எம். என்ற ரப்பர் வகையால் ஆனவை, அது வெயிலையும் வெந்நீரையும் தாங்குமே தவிர, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பி இளகிவிடும். தீயைப் பொறுத்தவரை, ஆவி தீப்பொறியில் பற்றக்கூடிய வெப்பநிலைக்கு இந்தியத் தரநிலை டீசலுக்கு விதித்திருக்கும் கீழ்வரம்பு 35 டிகிரி மட்டுமே, திண்டுக்கல்லின் கோடைக் காற்றே அதைத் தாண்டிவிடுகிறது. தூவிய டீசல் உடனே பற்றிக்கொள்ளும் என்பதில்லை, ஆனால் மூலைகளில் தேங்கிய எண்ணெயும் அதில் ஊறிய தூசியும் பழைய கம்பியின் ஒரு பொறிக்காகக் காத்திருக்கும் எரிபொருளாகிவிடுகின்றன. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வரிசையில் நின்று என்ஜினைக் கழுவும் வண்டிகளில் சில, சந்தனமும் குங்குமமும் இட்டபின் கிளம்ப மறுப்பதற்குக் காரணம் கனெக்டர்களுக்குள் அழுத்தத்தோடு புகுந்த தண்ணீரே.

மின்கம்பிகளின் ஒப்பனைதான் எல்லாவற்றிலும் பெரிய கேட்டைத் தரக்கூடியது. வீட்டு மின்கம்பியின் பி.வி.சி. உறை 70 டிகிரிக்கு என்று வகுக்கப்பட்டது, வாகனத்துக்கென உள்ள கம்பிகளோ 85, 100, 125 டிகிரி என்ற வகைகளில் வருகின்றன. எல்.இ.டி. பட்டைக்குக் குறைந்த மின்சாரம்தானே என்று வீட்டுக் கம்பியை எடுத்து, ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேரே இழுத்தால், உறை இளகி உலோகத்தில் உரசும் தருணத்தில் அந்தக் கம்பியில் பாய்வது பட்டையின் மின்சாரம் அன்று, பேட்டரியின் முழு மின்சாரம். 2023 பிப்ரவரியில் கேரளத்தின் கண்ணூரில் மருத்துவமனைக்குச் சென்ற கார் தீப்பற்றி ஒரு தம்பதி உயிரிழந்த பிறகு, கூடுதலாகப் பொருத்தப்படும் மின்சாதனங்கள் குறித்த கவலை அந்த மாநிலம் முழுவதும் பேசப்பட்டது.

வண்ணம் பூசுவதால் வரும் மின்கோளாறு தனி வகை. பேட்டரியின் எதிர்முனை வண்டியின் உடலோடும் என்ஜினோடும் இணையும் இடத்தில் உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும். அந்த இடத்தையும் சேர்த்து வண்ணமடித்துவிட்டால் மெக்கானிக்குகள் ‘எர்த் எடுக்கவில்லை’ என்று சொல்லும் நிலை வருகிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது அந்த இணைப்பில் ஒரு ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு தடை இருந்தாலே 3 வோல்ட் வீணாகிவிடும், புதுப் பேட்டரி போட்டும் வண்டி திணறும். சென்சார்களின் அளவுகளும் இதனால் பிசகி, தொடர்பே இல்லாத விளக்குகள் மீட்டரில் எரியும். கம்பிகளை ஒளித்து இழுக்கும் வேலையில் மட்கார்டின் கூர்விளிம்பில் உராய்வதும், ரேடியேட்டர் சட்டத்தருகே உள்ள ஏர்பேக் மோதல் சென்சாரின் கம்பி வெட்டி ஒட்டப்படுவதும் நேர்ந்தால், அவற்றின் விளைவு விபத்தின்போதுதான் தெரியும்.

அழிந்துபோகும் அடையாளங்கள்

அனுபவமுள்ள மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் ஸ்பேனரை எடுப்பதில்லை, சற்று நேரம் பார்க்கிறார். உலர்ந்த தூசியின் நடுவே ஈரமாகத் தெரியும் கோடு ஆயில் கசிவின் தொடக்கத்தைச் சொல்கிறது, ஹோஸின் முனையில் காய்ந்த பச்சை அல்லது இளஞ்சிவப்புத் தடம் கூலன்ட் ஒழுகியதைச் சொல்கிறது, மேனிஃபோல்டின் இணைப்பருகே கரிப்படிவு கேஸ்கெட் போனதைச் சொல்கிறது, பேட்டரி முனையின் வெண்பூப்பு சார்ஜிங்கில் உள்ள குறையைச் சொல்கிறது. ஸ்கேனர் கருவி சொல்லாத பலவற்றை இந்தத் தடங்கள் சொல்லிவிடுகின்றன. ஒப்பனை முதலில் அழிப்பது இவற்றைத்தான். எல்லாப் பரப்பும் ஒரே மினுக்காக இருக்கும் என்ஜினில் கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, அலங்காரத் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், ஒளித்த கம்பிகளைத் தேடி எடுக்க வேண்டும், பத்து நிமிட வேலை அரை நாள் வேலையாகிக் கூலியும் அதற்கேற்ப உயர்கிறது.

நிறங்களும் இங்கே செய்தி சொல்பவை. ஆயில் அளக்கும் கோலின் பிடி மஞ்சளாகவும் கண்ணாடி கழுவும் நீர்த்தொட்டியின் மூடி நீலமாகவும் இருப்பது, எதைத் தொடலாம் எதைத் தொடக் கூடாது என்பதை யாரும் ஒரே பார்வையில் அறிவதற்காக. மின்சார வாகனங்களில் உயர்மின்னழுத்தக் கேபிள்கள் ஆரஞ்சு உறை கொண்டிருக்க வேண்டும் என்பது இந்தியப் பாதுகாப்புத் தரநிலையின் விதி. அந்த ஆரஞ்சை அழகுக்காகக் கறுப்பு உறையால் மறைப்பதும், மறுபுறம் சாதாரணக் குழாய்களுக்கு ஆரஞ்சு உறை போடுவதும், பழுதுபார்க்க வருபவரின் உயிரையும் விபத்தில் மீட்க வரும் தீயணைப்பு வீரரின் உயிரையும் பணயம் வைக்கும் செயல்கள்.

வண்டியின் சட்டப்பூர்வ அடையாளமும் என்ஜின் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. பதிவாகி 15 ஆண்டு கடந்த தனியார் வாகனம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபதிவுக்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வரும்போது எண்கள் சரிபார்க்கப்படுகின்றன, சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுப்பது நெடுநாள் வழக்கம். ஆர்.எக்ஸ். 100 போன்ற வண்டி எதுவும் இன்று இந்த வயதைத் தாண்டியதே. அதன் என்ஜின் உறையை மணல் பீய்ச்சித் தேய்த்து, பஃபிங் கொடுத்து, மேலே தடித்த பூச்சும் ஏற்றினால், பொறித்த எண் மங்கி அழிந்து, நேர்மையாக வாங்கிப் பல ஆண்டுகள் ஆசையாக வைத்திருந்தவர்கூடத் திருட்டு வண்டி வைத்திருப்பவர்போலக் கேள்விக்கு ஆளாக நேரிடுகிறது.

சட்டம் ஒப்பனை முழுவதையும் தடுக்கவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி அதன் கட்டமைப்பில் செய்யப்படும் மாற்றத்தையே மாற்றம் என்று விளக்குகிறது. 2019 ஜனவரி 9இல் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் சேர்த்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. டேப்பெட் கவரின் வண்ணம் இதில் வராது, என்ஜினையே மாற்றுவது வரும். காப்பீட்டில், தொழிற்சாலையில் பொருத்தப்படாத மின்சாதனங்களை முன்கூட்டியே அறிவித்து, அவற்றின் மதிப்பில் 4 விழுக்காடு என்ற அளவில் கூடுதல் பிரீமியம் செலுத்தும் முறை நெடுநாளாக இருந்துவருகிறது. அறிவிக்காத கம்பியிலிருந்து தீ தொடங்கியது என்று ஆய்வாளர் எழுதிவிட்டால் இழப்பீடு கேட்பது கடினமாகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் என்ஜின் அறையை அழகாக வைத்திருக்க விரும்புபவருக்கு வழி இருக்கிறது. டேப்பெட் கவரைக் கழற்றி எடுத்து, கேஸ்கெட் உட்காரும் முகத்தையும் போல்ட் அமரும் இடங்களையும் நாடாவால் மூடிவிட்டுப் பவுடர் கோட்டிங் கொடுத்து, புது கேஸ்கெட்டுடன் கையேட்டில் சொன்ன முறுக்குவிசையில் பொருத்தினால் அதனால் கேடில்லை. போல்ட் அமரும் இடத்தை மூடாமல் பூசினால், சூட்டில் பூச்சு நசுங்கி இறுக்கம் தளர்ந்து ஆயில் கசியும் என்பதால் அந்த நாடா முக்கியமானது. மேனிஃபோல்டின் மேலுள்ள வெப்பத்தடுப்புத் தகட்டைக் கழற்றி எறியாமல் துருவெடுத்து, 600 டிகிரி தாங்கும் வண்ணம் பூசி மறுபடி பொருத்தலாம். என்ஜின் ஆறியிருக்கும்போது மென்மையான தூரிகையும் நீர்த்த ஷாம்பும் கொண்டு துடைத்து, ஆல்டர்னேட்டரையும் கனெக்டர்களையும் மூடிவைத்து, மிதமான நீரில் அலசிக் காற்றால் உலர்த்துவது, டீசல் தரும் மினுக்கைவிடக் குறைவாக மினுங்கினாலும் நெடுநாள் நிற்கும். என்ஜின் பெல்ட்டுகளின் மேல் மட்டும் எந்தப் பளபளப்புத் திரவமும் படக் கூடாது.

கழற்றிய அசல் பாகங்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் வைத்திருப்பது பிற்காலத்துக்கு உதவும். பழைய வண்டி வாங்க வருவோர் பெரும்பாலும் தமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்து வருகின்றனர். புதிதாக வண்ணமடித்த என்ஜினைக் கண்டதும் அவருக்குத் தோன்றும் முதல் ஐயம், வெள்ளத்தில் நின்றதோ, முன்புறம் அடிபட்டதோ, தலைக் கேஸ்கெட் கசிவதோ என்பதே. இதனால் ஒப்பனைக்குச் செலவிட்ட தொகை விலையில் கூடுவதற்குப் பதில், பேரத்தில் கழிக்கப்படும் தொகையாகிவிடுகிறது. தொழிற்சாலைக் கிளிப்புகளும் எச்சரிக்கைச் சீட்டுகளும் அதனதன் இடத்தில் இருக்க, தூசி துடைக்கப்பட்டு, கசிவின் தடமில்லாமல் உலர்ந்திருக்கும் என்ஜின் அறையைப் பார்த்தால் அவர் அடுத்துக் கேட்பது சர்வீஸ் ரசீதுகளை.